எம்-சீல் வைத்தும் நிற்காத கசிவு: சமையலறைக் கழிவுநீர்ப் பைப்பை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: திருச்சியில் எங்கள் வீடு. மாடியில் நாங்கள் இருக்கிறோம். கீழே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மாடிச் சமையலறை சிங்க்கிலிருந்து வரும் கழிவுநீர்ப் பைப், கொல்லைப்புறச் சுவரை ஒட்டி வெளியே இறங்குகிறது. தரைக்குள் போய், ஆறடி தள்ளியிருக்கும் சேம்பரில் சேர்கிறது. ரெண்டரை இஞ்ச் பிவிசி பைப். போட்டு 14 வருஷம் ஆகிறது. தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் உள்ள ஜாயின்ட்டில் சில மாதமாகத் தண்ணீர் கசிகிறது. பிளம்பர் வந்து எம்-சீல் வைத்தார். இரண்டு வாரம் நின்றது. மறுபடியும் வைத்தோம், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கை கழுவினாலோ, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாலோ கசிவதில்லை. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போதுதான் ஒழுகுகிறது. தேய்த்து முடித்து அரை மணி நேரம் ஆன பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. சிங்க்கில் அவ்வப்போது 'களக் களக்' என்று சத்தமும் வருகிறது. கீழ்வீட்டுச் சுவரில் ஈரம் ஏறி பெயின்ட் உரிகிறது. குடிதண்ணீர் சம்ப்பும் அதே பக்கம் எட்டடி தூரத்தில்தான் இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை முழுப் பைப்பையும் மாற்ற வேண்டும் என்கிறார் பிளம்பர். உண்மையிலேயே மாற்ற வேண்டுமா? எங்களால் சரிசெய்துகொள்ள முடியுமா?

— ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது, சகோதரி. கொஞ்சம் தண்ணீருக்குக் கசியவில்லை. நிறையத் தண்ணீருக்குக் கசிகிறது. தண்ணீரை நிறுத்திய பிறகும் அரை மணி நேரம் சொட்டுகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கோளாறு அந்த ஜாயின்ட்டில் மட்டும் இல்லை. அதற்குக் கீழே எங்கோ அடைப்பு இருக்கிறது.

குடிதண்ணீர்ப் பைப்பில் எப்போதும் அழுத்தம் இருக்கும். கழிவுநீர்ப் பைப்பில் அப்படி இல்லை. நல்ல நிலையில் உள்ள பைப்பில் தண்ணீர் உட்சுவரை ஒட்டி வழிந்து இறங்கிப் போய்விடும், எங்கேயும் நிற்காது. அதனால் லேசான பழுதுள்ள ஜாயின்ட்கூட வருஷக்கணக்கில் கசியாமல் இருக்கும். கீழே அடைத்துக்கொண்டால் நிலைமை மாறிவிடும். ரெண்டரை இஞ்ச் பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய 7 செ.மீ. அது பத்தடி உயரத்துக்கு நிரம்ப 11 லிட்டர் தண்ணீர் போதும். ஒருவேளைப் பாத்திரம் தேய்க்க அதைவிட அதிகமாகவே செலவாகும். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் பைப்புக்குள் மேலே ஏறி நிற்கிறது. அதன் பாரத்தில் ஜாயின்ட் வழியே பிதுங்குகிறது. பிறகு அடைப்பின் இடுக்கு வழியாக மெல்ல வடிகிறது. நீர்மட்டம் ஜாயின்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை சொட்டு நிற்காது. நீங்கள் சொன்ன அரை மணி நேரக் கணக்கு இதுதான். வெளியே எவ்வளவு எம்-சீல் அப்பினாலும், உள்ளே தண்ணீர் தேங்கும்வரை அது பெயர்ந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே முதலில் அடைப்பு, பிறகு ஜாயின்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்

பைப்பின் வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஒரு பக்கெட் தண்ணீரில் சில சொட்டு நீலம் கலந்து சிங்க்கில் ஊற்றுங்கள். கீழே ஒருவர் நின்று, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றி ஒற்றிப் பார்க்கட்டும். நீலம் முதலில் எங்கே ஒட்டுகிறதோ, அதுதான் கசியும் இடம். மேலே கசிந்த தண்ணீர் பைப்பின் மேலேயே வழிந்து, கீழே உள்ள ஜாயின்ட்டில் வந்து சொட்டுவது சாதாரணம். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பினால் தவறான இடத்தைத்தான் வெட்டுவீர்கள்.

அடுத்து, ஒரு கரண்டிக் காம்பால் பைப்பை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். காலியான இடத்தில் சத்தம் கணீரென்று கேட்கும். தண்ணீரோ கசடோ நிற்கும் இடத்தில் மந்தமாகக் கேட்கும். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவையுங்கள்.

மூன்றாவதாகச் சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கும் அப்பால் இருக்கிறது: பாதாளச் சாக்கடை இணைப்பில் அல்லது உறிஞ்சு குழியில். பாதாளச் சாக்கடை என்றால் மாநகராட்சிக்குப் புகார் கொடுங்கள். சேம்பர் காலியாக இருந்து, பைப் வாயில் நூல்போல் தண்ணீர் வந்தால், அடைப்பு உங்கள் சுவருக்கும் சேம்பருக்கும் நடுவே உள்ள ஆறடிக்குள்தான். உங்கள் வீட்டில் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடைப்பை எடுப்பது

அடைத்திருப்பது பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு. சூட்டில் இளகி இறங்கும் எண்ணெயும் நெய்யும் தரைக்குள் குளிர்ந்த பைப்பில் படிகின்றன. அதன்மேல் வடித்த கஞ்சி, தோசை மாவு, டீத்தூள், புளிச் சக்கை எல்லாம் ஒட்டுகின்றன. உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில், தண்ணீரிலுள்ள கால்சியம் கொழுப்போடு சேர்ந்து சோப்புக் கட்டியாகவே இறுகிவிடும். வெறும் தண்ணீருக்கு அது கரையாது.

பிளம்பர்களிடம் இருக்கும் நீண்ட ஸ்பிரிங் இதற்குச் சரியான கருவி. சேம்பர் பக்கமிருந்து பைப்புக்குள் விட்டுச் சுற்றிச் சுற்றித் தள்ள வேண்டும். ஆறடிதான் என்பதால் மூங்கில் பிளாச்சுகூட எட்டும். ஆனால் அதன் நுனி வளைவில் இடித்து பெண்டை உடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைப்பு விட்டதும் தேங்கிய தண்ணீர் ஒரே மூச்சில் வரும். வாய்க்கு நேராகக் குனிந்திருக்காதீர்கள். கையுறை கட்டாயம். பிறகு தோட்டத்து ஹோஸை உள்ளே விட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள்.

மூன்று காரியங்களைச் செய்யவே கூடாது. காஸ்டிக் சோடாவைக் கொட்டாதீர்கள். அது தண்ணீரோடு சேர்ந்து கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். பிவிசி பைப் 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரும் அதே காரணத்தால் வேண்டாம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றுக்குப்பின் ஒன்றாகக்கூட ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்தாகும்.

சேம்பரைத் தாண்டி செப்டிக் டேங்க்கிலோ பாதாளச் சாக்கடைக் குழியிலோ வேலை என்றால், யாரையும் உள்ளே இறக்காதீர்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டத்துக்கு முன்பே மனிதாபிமானம் அதைத் தடுக்க வேண்டும். இயந்திரத்தை வரவழையுங்கள்.

அடைப்பு எடுத்த பிறகும் தண்ணீர் மந்தமாகவே வடிந்தால், தரைக்குள் பைப்பின் சரிவு கெட்டிருக்கிறது. நாலடிக்கு ஓர் அங்குலம் சரிவு வேண்டும். உங்கள் ஆறடிக்கு ஒன்றரை அங்குலம். மண் இறங்கி நடுவில் பள்ளம் விழுந்திருந்தால், தோண்டி, மணல் பரப்பி, ரசமட்டம் வைத்துப் பைப்பை மறுபடி போட வேண்டியதுதான்.

ஜாயின்ட்டைச் சரிசெய்வது

முதலில் அது எந்த வகை ஜாயின்ட் என்று பாருங்கள். வாய்ப்பகுதியில் வளையம்போல் ஒரு புடைப்பு இருந்தால் உள்ளே ரப்பர் ரிங் இருக்கிறது. புடைப்பு இல்லாமல் நேராக இருந்தால் பசை போட்டு ஒட்டியது.

ரப்பர் ரிங் ஜாயின்ட் என்றால் வேலை எளிது. பைப்பைக் கழற்றி, பழைய ரிங்கை எடுத்துவிட்டு, அது உட்காரும் பள்ளத்தை நன்றாகத் துடைத்துப் புது ரிங்கைப் பொருத்துங்கள். உள்ளே நுழையும் பைப்பின் நுனியை அரத்தால் சுற்றிலும் சரிவாக ராவிவிடுங்கள். கூர்மையான நுனிதான் ரிங்கைப் பிதுக்கித் தள்ளும். வழுக்குவதற்குச் சோப்புக் கரைசல் தடவுங்கள். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பைப்பை முழுக்க உள்ளே தள்ளியபின் 10 மி.மீ. வெளியே இழுத்துவிடுங்கள். அந்த இடைவெளி எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

பசை போட்ட ஜாயின்ட் என்றால், ஒருமுறை விட்டது விட்டதுதான். இரு பிளாஸ்டிக் பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்குவதுதான் அந்தப் பசையின் வேலை. இறுகிப்போன ஜாயின்ட்டின் வெளியே பூசுவதால் உள்ளே எதுவும் சேராது. கசியும் பகுதியை அறுத்தெடுத்துப் புதுத் துண்டு வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை இது. கசியும் ஜாயின்ட்டுக்கு ஒரு சாண் மேலே ஆக்சா பிளேடால் நேராக அறுங்கள். அங்கிருந்து தரைவரை உள்ள பகுதியை எடுத்துவிட்டு, தரைமட்டத்துக்கு மேல் நான்கைந்து அங்குலம் மட்டும் பழைய பைப்பை விட்டுவையுங்கள். அதன்மேல் கதவு வைத்த கிளீனிங் பைப் ஒன்றை வையுங்கள். நாலு போல்ட்டைக் கழற்றினால் திறந்துவிடலாம். அடுத்தமுறை அடைத்தால் எதையும் அறுக்க வேண்டிய தேவையே இராது. அதற்கு மேலே புதுப் பைப் துண்டு. புதுத் துண்டையும் மேலிருந்து வரும் பழைய பைப்பையும் இணைக்க, உள்ளே தடுப்பு இல்லாத ரிப்பேர் கப்ளரைக் கேட்டு வாங்குங்கள். அதை மேல் பைப்பில் முழுவதும் ஏற்றிக்கொண்டு, கீழ்த்துண்டை நேராக நிறுத்தி, கப்ளரைக் கீழே இறக்கிவிட்டால் போதும். இருபுறமும் ரப்பர் ரிங் உள்ளதாக இருப்பது நல்லது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஒருபக்கம் விரிந்த வாய் உள்ள பைப் எதுவானாலும் அந்த வாய் மேலே பார்த்திருக்க வேண்டும். மேலே உள்ள பைப் கீழே உள்ளதன் வாய்க்குள் இறங்க வேண்டும். தலைகீழாக வைத்தால், வழியும் தண்ணீர் ஒவ்வொரு முறையும் இடுக்கில் புகுந்துதான் போகும். 'புதுசாப் போட்டதே ஒழுகுது' என்று வரும் புகார்களில் இது அடிக்கடி தென்படுகிறது.

பசை போடும் இடத்தில் அறுத்த பிசிறை நீக்கி, இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்து, ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் துடையுங்கள். இரண்டு பக்கமும் மெல்லிசாக, இடைவெளி விடாமல் பூசி, உடனே சொருகி, கால்வாசி திருப்பி, அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பிதுங்கிய பசையைத் துடைத்துவிடுங்கள். பக்கத்தில் நெருப்பும் சிகரெட்டும் கூடாது. அந்த ஆவி தீப்பிடிக்கும். ராத்திரி முழுவதும் சிங்க்கைப் பயன்படுத்தாமல் காயவிடுவது உத்தமம்.

மறுநாள் சோதனை. பழந்துணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கயிறு கட்டி, சேம்பர் பக்கப் பைப் வாயை அடையுங்கள். புது ஜாயின்ட்டுக்கு மேல் தண்ணீர் நிற்கும்வரை சிங்க்கில் ஊற்றி, கால் மணி நேரம் பாருங்கள். ஒரு சொட்டுகூட இல்லையென்றால் கயிற்றை இழுத்துத் துணியை எடுத்துவிடுங்கள். கயிறு கட்ட மறந்தால் அந்தத் துணியே அடுத்த அடைப்பாகிவிடும்.

முழுப் பைப்பையும் மாற்ற வேண்டுமா?

அறுத்தெடுத்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். உங்கள் கேள்விக்கு அதுதான் பதில் சொல்லும். அறுத்த விளிம்பின் கனத்தை அளந்து பாருங்கள். ஐஎஸ் 13592 என்ற இந்தியத் தரநிலைப்படி இந்தப் பைப்பில் இரண்டு வகை உண்டு. டைப் ஏ மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும். டைப் பி கழிவுநீருக்கு. ரெண்டரை இஞ்ச், அதாவது 75 மி.மீ. பைப்பில் டைப் பி என்றால் கனம் குறைந்தது 3.2 மி.மீ. இருக்கும், டைப் ஏ 1.8 மி.மீ.தான். அடுத்து, விளிம்பை இடுக்கியால் பிடித்து வளையுங்கள். வளைந்துகொடுத்தால் பைப்பில் உயிர் இருக்கிறது. மளுக்கென்று உடைந்தால் வெயிலில் காய்ந்து இற்றுப்போய்விட்டது.

கனமும் இருந்து, வளையவும் செய்தால் மேலே உள்ள பைப்பைத் தொட வேண்டாம். 14 வருஷம் அதற்குப் பெரிய வயதல்ல. மெல்லிய பைப்பாக இருந்தாலோ, உடைந்தாலோ, உங்கள் பிளம்பர் சொல்வது சரி. முழுவதையும் டைப் பி பைப்பாக மாற்றிவிடுங்கள். வாங்கும்போது பைப்பின் மேலேயே ஐஎஸ்ஐ முத்திரையும் வகையும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வேறு வீடுகளில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பைப் இருந்தால், அதை உலர்ந்த நிலையில் அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். நனைத்து, ஜாயின்ட்டிலேயே கழற்றி முழுசாக எடுக்க வேண்டும்.

மறுபடி கசியாமல் இருக்க

உங்கள் ஊர் வெயிலில் சுவரோரப் பைப் பகலில் நன்றாகக் காயும், விடியற்காலையில் குளிரும். பத்தடி பைப், 30 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 6 மி.மீ. நீண்டு சுருங்கும். எல்லா ஜாயின்ட்டையும் பசையால் இறுக்கிவிட்டால், அந்த இழுவை முழுவதும் ஏதாவது ஒரு ஜாயின்ட்டின் தலையில்தான் விழும். ரப்பர் ரிங் ஜாயின்ட்டும், முன்னே சொன்ன 10 மி.மீ. இடைவெளியும் அதற்காகத்தான்.

பைப் தன் எடையில் தொங்கக் கூடாது. செங்குத்தாக இறங்கும் பைப்புக்கு ஐந்தடிக்கு ஒரு கிளாம்ப். படுக்கையாகப் போகும் பைப்புக்கு இரண்டரை அடிக்கு ஒன்று. வெயில் படும் பகுதிக்கு வெளிர் நிறத்தில் தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் பைப்பின் ஆயுள் கூடும்.

சிங்க்கில் வரும் 'களக்' சத்தம், அடைப்பு எடுத்த பிறகும் தொடர்ந்தால், பைப்புக்குக் காற்று போதவில்லை என்று பொருள். செங்குத்துப் பைப்பின் தலையைக் கூரைக்கு மேலே நீட்டி, வலை மூடி போட வேண்டும். யாராவது அதன் வாயைச் சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். காற்று இல்லாவிட்டால் சிங்க்கின் கீழே ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரைப் பைப்பே உறிஞ்சிவிடும்; நாற்றமும் கரப்பானும் நேராகச் சமையலறைக்குள் வரும்.

ஜாயின்ட் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் கிள்ளிவிட்டுப் போகாதீர்கள். கசியும் ஈரம்தான் அதற்குச் சோறு. வேரோடு எடுத்து, கசிவை அடைத்தால்தான் திரும்ப வராது.

சமையலறையில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சிங்க்கில் ஜாலி போடுங்கள். எண்ணெய்ச் சட்டியைப் பழைய காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். வடித்த கஞ்சியைச் சூட்டோடு கொட்டாதீர்கள். ஆறவைத்து, மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங் பைப்பின் கதவைத் திறந்து பாருங்கள். கதவின் ரப்பர் தேய்ந்திருந்தால் புதிது போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குங்கள்.

வேலைக்கு ஆள் கிடைக்க நாளாகும் என்றால், தற்காலிகமாக ஜாயின்ட்டைத் துடைத்துக் காயவைத்து, பழைய சைக்கிள் ட்யூப்பை நீளவாக்கில் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றி, மேலும் கீழும் ஹோஸ் கிளாம்ப் போட்டு முடுக்குங்கள். சில நாள் தாங்கும். அதுவரை பாத்திரம் தேய்க்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

சுவரும் சம்ப்பும்

கீழ்வீட்டுச் சுவருக்கு உடனே பெயின்ட் அடிக்காதீர்கள். ஈரம் உள்ளே இருக்கும்போது அடித்தால் கொப்புளம் கிளம்பும். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்துக் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே இறங்கும். சில வாரம் காற்றாட விட்டு, சுவர் முழுக்கக் காய்ந்த பிறகு பூசி, பெயின்ட் அடியுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படவைத்தது சம்ப்தான். எட்டடி தூரத்தில் மாதக்கணக்காகச் சாக்கடைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. சம்ப்பின் சுவரில் ஒரு மெல்லிய விரிசல் இருந்தாலும், சம்ப்பில் தண்ணீர் குறையும்போது வெளி ஈரம் உள்ளே வரும். நிறமும் வாசனையும் மாறாமலேயே கிருமி கலந்திருக்கலாம். வேலை முடியும்வரை குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் உண்டு; அங்கே தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதியுங்கள்.

இன்றே கீழ்வீட்டுக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பைப் வேலை முடிந்த கையோடு சம்ப்பை முழுக்க இறைத்து, உட்சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து அடைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு, பிறகு தண்ணீர் பிடியுங்கள். சுவரின் ஈரம் ஒரு பருவத்தில் காய்ந்துவிடும். அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் பெரியவர்களும் குடிக்கும் தண்ணீரில் மட்டும் காலதாமதம் வேண்டாம்.